திருப்பி அனுப்பிய அச்சாரம்

அண்ணா, முதலில் நான், கயல், ஒரு உறுதி சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் "மற்றவை நேரில்" என்று முடித்துவிடுவாள். இன்றைக்கு அப்படி முடிக்கக் கூடாதாம். போனில் சொன்னால் என்ன என்று கேட்டேன். "போன்ல சொன்னா அவன் பாதியிலயே குறுக்கு விசாரணை பண்ணுவான். எழுதினா முழுசாக் கேட்டுத்தான் ஆவணும்" என்றாள். அம்மா பேசுகிற மாதிரியே எழுதினால் கடிதம் போல இருக்காது என்பதால் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும் தமிழில் எழுதுகிறேன். யாராவது யாரிடமாவது பேசியது மட்டும் பேசியபடியே இருக்கும். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு ஏதாவது தோன்றினால் "இது கயல்" என்று போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். இனிமேல் "நான்" என்று வந்தால் அது அம்மா.

தம்பி, நீ இந்நேரம் சென்னையில் அந்த லாட்ஜ் அறையில் எழுந்து, அறிக்கையை இன்னொரு முறை படித்துக்கொண்டிருப்பாய். பரீட்சைக்கும் நீ அப்படித்தான். விடிவதற்குள் எழுந்து, படித்ததையே படிப்பாய். காலையில் டிரஸ்ட் ஆபீசில் உன்னை உட்காரவைத்துப் பேசப் போகிறார்கள். மூன்று வருடத்துக்கு அவர்கள் கொடுத்த கிராண்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடியும் கொடுப்பதா, வேண்டாமா என்பதை உன் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தப் பணத்தில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் உன் இலவச சட்ட உதவி ஆபீஸ் அறைக்கு வாடகை போகிறது. உன் சம்பளம், உனக்கு உதவியாக இருக்கும் கோமதியின் சம்பளம், இல்லாதவர்களுக்குக் கோர்ட் கட்டணம், அவர்கள் கோர்ட்டுக்கு வந்துபோகிற பஸ் காசு, எல்லாமே அதிலிருந்துதான். அது நின்றால் கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன்: அறிக்கையில் அஞ்சலையைப் பற்றி எழுதியிருக்கிறாயே ஒரு பாரா, அதை மாற்று.

சனிக்கிழமை அறிக்கையின் தமிழ்ப் பிரதியைப் பிழை பார்க்கச் சொல்லிக் கயலிடம் கொடுத்தாய். அவள் வழக்கம்போல் சத்தமாகப் படித்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டேன். "சேவை இலவசம் என்பதாலேயே சில பயனாளிகள் அலட்சியம் காட்டுகின்றனர். ஒரு பெண்மணி தன் வீட்டு வழக்கில் வக்காலத்தில் கையெழுத்திடக்கூட வராததால், வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்தது." பெயர் போடவில்லை நீ. ஆனால் வீட்டு வழக்கு, தனிப் பெண், வரவில்லை என்றதும் எனக்கு அஞ்சலை என்று தெரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சுரங்கக் குவார்ட்டர்ஸில், நம் பிளாக்கில் எத்தனை வருடமாகத் தெருக் கூட்டுகிறாள் அவள். கான்ட்ராக்ட் எத்தனையோ பேர் கைக்கு மாறியது. துடைப்பம் மட்டும் அவள் கையை விட்டு மாறவில்லை. மழை கொட்டினாலும் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறவள். அவளை அலட்சியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுவும் அவள் குடியிருக்கும் வீட்டு விஷயத்திலா?

அந்த வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை நீ டிரஸ்ட்டில் இருக்கிறவர்களுக்கும் காட்டலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். அஞ்சலையின் புருஷன் இறந்து இரண்டு வருடமாகிறது. காலனியில் அவர்கள் இருந்த வீட்டு மனை மாமனார் பேரில் இருக்கிறது. புருஷனின் அண்ணன், மனை முழுக்க எனக்குத்தான், இவள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கேஸ் போட்டுவிட்டான். சம்மனைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். நான்தான் உன்னிடம் அனுப்பினேன். நீ அவளை உட்காரவைத்து முழுக்கக் கேட்டாயாம். "எங்கூட்டுக்காரரு செத்ததுக்கப்புறம் என்னிய நாற்காலியில குந்தவெச்சுப் பேசினது ஒங்க புள்ளதாங்கா" என்று மறுநாள் தெருவில் நின்று சொன்னாள். புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாய். அதன் பிறகு அவள் நம் தெருப் பக்கமே வரவில்லை. வேறொருத்தி கூட்டினாள். கேட்டதற்கு, தெருவை மாற்றிக்கொண்டாளாம் என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"என்னா அஞ்சலை, கோர்ட்டுக்கு ஏன் போவல நீ?"

"வக்கீலு இல்லாம நான் போயி இன்னாக்கா பேசறது? துடப்பத்த எட்த்துகினு போயி கோர்ட்டக் கூட்டவா?"

"வக்கீல் இல்லாம என்னா? எம் புள்ளதான இருக்கான்."

"அவருதான் வேணாம்னுட்டாரே."

"எப்பச் சொன்னான்?"

"வாயால சொல்லணுமாக்கா? கும்புட்டுச் சொன்னாரு. வேத்து மனுஷங்க முன்னால."

அதற்குப் பிறகு அவள் சொன்னது இது. கையெழுத்துப் போட வருகிற அன்று, தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்திலிருந்து ஒரு பலாப்பழத்தை இறக்கி, தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடு என்று கேலி செய்தாராம். நீ அறையில் உட்கார்ந்திருந்தாய். எதிரே, மதிப்பீடு செய்ய டிரஸ்ட்டிலிருந்து வந்த மேடம். அஞ்சலை பழத்தை மேசை ஓரம் வைத்தாள். நீ துள்ளி எழுந்து கையைக் கூப்பினாய். "அம்மா, இதெல்லாம் வேணாம்மா, எடுத்துட்டுப் போயிடுங்க." அவள் "இருக்கட்டும் தம்பி" என்றாள். "இல்லம்மா, வாங்கக் கூடாது. எடுத்துட்டுப் போங்க, அப்பறமா பாக்கலாம்." நீயே பழத்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, கதவு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனாயாம். மேடம் போனதும் அவள் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவாள் என்று நீ நினைத்திருப்பாய். மரியாதைக்குக் குறைவில்லை. அதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "மரியாதையாத்தாங்கா அனுப்பிட்டாரு."

தம்பி, நீ இந்த ஊரில் பிறந்தவன்தான், ஆனால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். உன் பக்கத்து வீட்டில் மதுரைக்காரர், எதிர்வீட்டில் தஞ்சாவூர்க்காரர். சுற்றியிருக்கும் கிராமங்களில் ஒரு காரியம் எப்படிப் பேசி முடிகிறது என்று நீ பார்க்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது. திருவதிகையில் என் அப்பா நடவுக்கு ஆள் சொல்லப் போனால் முன்தினமே கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவார். அதை அவர்கள் வாங்கிக்கொண்டால் மறுநாள் ஆள் வரும். மாடு பிடிக்கப் போனாலும் அப்படித்தான், மேளத்துக்குச் சொல்லப் போனாலும் அப்படித்தான். அதற்கு அச்சாரம் என்று பேர். கூலியும் அது இல்லை, விலையும் இல்லை, லஞ்சமும் இல்லை. நீ என் காரியத்துக்குக் கட்டுப்பட்டாய், நானும் உனக்குக் கட்டுப்பட்டேன் என்பதற்கு அது அடையாளம். வாங்கிக்கொண்டவன் நடுவில் மாற மாட்டான். வேண்டாமென்றால், வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லி மனதை நோகடிக்க மாட்டார்கள். அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிடுவார்கள். "அப்பறமா பாக்கலாம்" என்பார்கள். நீ செய்தாயே, அப்படியே. யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன்றுகூடப் பிசகாமல் செய்திருக்கிறாய். அஞ்சலைக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்: வக்கீல் என் கேஸை எடுக்கவில்லை.

நீ இரண்டு முறை போன் செய்தாய் என்று கோமதி சொன்னாள். அதையும் கேட்டேன். "காயிதத்த வந்து எட்த்துகினு போன்னு சொல்லத்தான் கூப்புடறாருன்னு நெனச்சிகினேன். அத வேற எங் காதால கேக்கணுமாக்கா?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் இன்னொன்று கேட்டாள். "முழுப் பழந்தானக்கா அது? வெட்டக்கூட இல்ல. வெட்டாத பழத்துல இன்னா இருக்குது?"

இதை எப்படி எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. நீ சட்டம் படித்தவன், உனக்கே புரியும். சமைத்ததைக் கொடுத்தால், நறுக்கியதைக் கொடுத்தால், யார் கை பட்டது என்று பார்க்கிற வீடுகள் இன்னும் உண்டு. என் பிறந்த வீட்டுத் தெருவிலேயே உண்டு. அது தெரிந்துதான் அவள் வெட்டாமல் முழுசாகக் கொண்டுவந்திருக்கிறாள், யாரும் மறுக்க முடியாததாகப் பார்த்து. அதையும் நீ திருப்பிக் கொடுத்தாய். நீ அப்படி நினைப்பவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளிடமும் சொன்னேன். "தெரியுங்கா" என்றாள். தெரியும் என்று சொன்ன குரல் தெரிந்த மாதிரி இல்லை.

இது கயல். அப்பா சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் எழுதியதை நின்றபடியே படித்தார். "என்னா, ஒங்கம்மா தீர்ப்பே எழுதறாளா?" என்று கேட்டார். அம்மா, "நீங்களும் எதுனா சொல்றதுன்னா சொல்லிட்டுப் போங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். அப்பா யோசித்து, இதை எழுது என்றார்: "கரி போற பெல்ட் நின்னுபோச்சின்னா ஏன் நின்னுச்சின்னு அடுத்த ஷிப்ட்டுக்காரங்கிட்ட மறைக்காம சொல்லிட்டு வரணும். மழைன்னு சொல்லிட்டு வந்துட்டா, அவன் போயி சுவிட்சப் போடுவான். அவன் கைதான் போவும்." பிறகு சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். இனி மறுபடியும் அம்மா.

நீ ஏன் அப்படித் துள்ளி எழுந்தாய் என்றும் எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் கோபம் வரவில்லை. உனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா அப்போது கான்ட்ராக்ட். நம் வீட்டுக்கு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எந்த ஆபீசிலும் அவனுக்கு வேலை இல்லை. ஆனால் எல்லா ஆபீசிலும் ஆள் தெரியும் என்பான். பெர்மனென்ட் பண்ணித் தருகிறேன் என்று ஆசை காட்டினான். அவன் வரும்போதெல்லாம் உன் தாத்தா வீட்டிலிருந்து வந்த முந்திரிப் பருப்பு போகும், கோழி போகும், உனக்கென்று வைத்திருந்த பலாச்சுளைகூடப் போகும். ஒருநாள் அவன் உட்கார்ந்திருக்கும்போதே நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா, இந்த மாமா எப்பம்மா நம்ம வீட்டுக்கு எதுனா எடுத்துட்டு வருவாரு?" அவன் சிரித்தான். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கடைசியில் அப்பா தன் முறை வந்துதான் பெர்மனென்ட் ஆனார். அவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கும் அவன் வந்து, நான் சொல்லித்தான் ஆச்சு என்று இன்னொரு கோழி கேட்டான். நீ கோழியைக் குளியலறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாய்.

அன்றைக்கு முடிவெடுத்திருப்பாய், நான் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டேன் என்று. நல்ல முடிவு. உன் ஆபீஸ் கதவில் "எந்தப் பொருளும் பெறப்பட மாட்டாது" என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டிரஸ்ட் அந்த விதியைப் போட்டதிலும் தப்பில்லை. கோழி கொண்டுவந்தவனுக்கு முதலில், கையை வீசிக்கொண்டு வந்தவனுக்குக் கடைசியில் என்று ஆகிவிட்டால், இலவசம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வாங்கியது வேறு, அஞ்சலை கொடுத்தது வேறு. அவன் கேட்டு வாங்கினான். நாம் பயந்து கொடுத்தோம். இவள் யாரும் கேட்காமல் கொண்டுவந்தாள், உன்னை நம்பி. இரண்டும் ஒரே விதிக்குள் வருகிறது. விதிக்குக் கண் கிடையாது, தம்பி. அங்கே உட்கார்ந்திருக்கிற உனக்கு உண்டு.

இன்னொன்றையும் நினைத்துப் பார். நீயும் வாங்குகிறவன்தான். யாரோ முகம் தெரியாத மனிதர்கள் கொடுத்த பணம் டிரஸ்ட் வழியாக உனக்கு வருகிறது. அது வந்த அன்று நீ கைகூப்பித் திருப்பி அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டாய், அதற்குக் கட்டுப்பட்டாய், தவறாமல் அவர்களுக்கு அறிக்கை எழுதுகிறாய். வாங்கியவன் என்பதால்தான் இன்றைக்கு இவ்வளவு அதிகாலையில் விழித்துக்கொண்டிருக்கிறாய். உன் அறையின் எதிர்நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் அந்த மாதிரி ஒரு கட்டு வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டே இருப்பது எல்லாராலும் முடியாது. கூனிக் குறுகிப் போவார்கள், இல்லையென்றால் வராமலே இருந்துவிடுவார்கள். அதைப் பார்த்து நாம் அலட்சியம் என்று எழுதிவிடுகிறோம். பழம் வந்தால் அங்கேயே அறுத்து, காத்திருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு சுளை கொடுத்துவிட்டால் என்ன? யார் கொண்டுவந்தது, என்ன கொண்டுவந்தது என்று எல்லாரும் பார்க்கட்டும். இல்லையென்றால் உன்னிடம் முந்திய நாள் வந்தவர் அடுத்த நாள் வருகிறவருக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போகட்டும், அதுவும் கொடுப்பதுதானே. டிரஸ்ட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பார். கோழி கொண்டுவந்தால் என்ன செய்வது என்று மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால் அதோடு போயிற்று என்று இல்லை, ஒரு மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம், ஆனால் ஏன் வரவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று நீதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவுக்குச் சொன்னாய். தீர்ப்பு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நாள் இருக்கிறது. காரணமும் இருக்கிறது. காரணம் நீ. அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள் என்றோ, தேதி மறந்துவிட்டாள் என்றோ எழுதினால் உனக்குச் சுலபம். மனுவில் கோர்ட்டுக்கு ஒன்று, அறிக்கையில் டிரஸ்ட்டுக்கு ஒன்று என்று எழுத முடியாது. "என் ஆபீஸில் வைத்து நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, தன் கேஸை எடுக்க மறுத்துவிட்டேன் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார்" என்று இரண்டு இடத்திலும் ஒன்றே எழுத வேண்டும். அதுவும் கிராண்ட் கிடைக்குமா கிடைக்காதா என்கிற இந்த நாளில்.

இது கயல். இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "அத எழுதி, அதனால கிராண்ட் போயிட்டா? பி.எஃப். வராம அலையற அந்தத் தாத்தா, ஜீவனாம்சம் கேட்டு வர்ற அந்த அக்கா, அவங்கல்லாம் எங்கம்மா போவாங்க? ஒருத்தங்களுக்காக எல்லாரையும் விடறதா?" நூலகத்தில் படித்த புத்தகங்களில் இந்த மாதிரி இடங்களில் யாராவது உடனே பதில் சொல்லிவிடுவார்கள். இங்கே அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அம்மா போய் இறக்கிவைத்துவிட்டு, மேடையைத் துடைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறகுதான் சொன்னாள். அதைக் கீழே எழுதுகிறேன்.

போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தம்பி. போகாது என்று உனக்குத் தைரியம் சொல்ல எனக்கு வழியில்லை. கோர்ட்டில் அரசாங்கத்தின் இலவச சட்ட உதவி இருக்கிறது. ஆனால் அந்த வாசற்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். இத்தனை நாள் அது நீயும் கோமதியும்தான். ஆனால் அஞ்சலை மேல் பழியைப் போட்டு வாங்குகிற கிராண்டில் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அடுத்து வருகிற ஆளையும் அலட்சியக்காரர் என்று எழுதுவது உனக்குச் சுலபமாகிவிடும். பிறகு அந்த அறை இருக்கும், வாடகை போகும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீ இருப்பாய். அவ்வளவுதான். ஒருத்திக்காக எல்லாரையும் விடச் சொல்லவில்லை. அந்த எல்லாரிலும் அவள் ஒருத்தி. கணக்கிலிருந்து அவளை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் செய்கிறேன் என்று சொல்லாதே என்கிறேன்.

நான் ஊர் நியாயத்தைப் பேசுகிறேன், சட்டத்தில் அச்சாரத்துக்கு இடமில்லை என்று நீ சொல்வாய். சரி. ஊர் நியாயப்படியே பேசுவோம். அஞ்சலையிடம் கேட்டேன், அந்தப் பழத்தை என்ன செய்தாய் என்று. "குடுக்க எட்த்துகினு போனதத் திரும்ப வூட்டுக்கு எட்த்தாரக் கூடாதுக்கா. பக்கத்து டீக்கடை பெஞ்சில வெச்சிட்டு, யாருனா சாப்புடுங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றாள். வரும் வழியில் உன் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் இறங்கினேன். கடைக்காரர் சேகரைக் கேட்டேன். "ஆமாங்கம்மா, நல்ல பழம். அந்த மேடம் கார்ல ஏறிப் போனதும் அறுத்தேன். ஆபீஸுக்கு ஒரு தட்டு குடுத்தனுப்பினேன். வக்கீல் சாரு காலி பண்ணிட்டு, இன்னும் இருக்கான்னு ஆள் அனுப்பிக் கேட்டாருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, விரலை மோந்து பார்த்துக்கொண்டே, இந்த வருஷம் இப்படி ஒரு பழம் தின்னவில்லை என்று கயலிடம் சொன்னாய். அவள் எனக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று சண்டை போட்டாள். நினைவிருக்கிறதா? அந்தப் பழம்தான். அஞ்சலையின் அச்சாரத்தை நீ வாங்கிவிட்டாய், தம்பி. இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாய். எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் நின்றாலும் நீ தப்ப முடியாது. அந்தக் கேஸ் உன்னுடையது.

இது கயல். அம்மா இன்னும் சொல்வதற்கு வைத்திருந்தாள். அதற்குள் உன்னிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டதால் அவற்றையும் எழுதிவைக்கிறேன். போன் தொலைந்தாலும் காகிதத்தில் இருக்கட்டும்.

முதலில் வந்தது: "அந்தப் பழமா?"

அம்மா, "ஆமான்னு போடு" என்றாள். போட்டேன்.

நீ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாய். அது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு, "அந்தப் பாராவ எடுத்துட்டேன்" என்று வந்தது.

"எடுக்கவா சொன்னேன்? மாத்தத்தான சொன்னேன்" என்றாள் அம்மா. "பாராவ எடுத்துட்டா அவ வூடு திரும்பி வந்துருமா? கேளு." அப்படியே அனுப்பினேன்.

அம்மா கோபமாக இருப்பது போல் காட்டிக்கொண்டாள். ஆனால் சோறு வடிக்கும்போது இரண்டு முறை வந்து போனை எட்டிப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடப் பையை எடுத்துவைத்தேன். பால்காரர் வந்து போனார். அப்போதுதான் நீ கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். நான் சத்தமாகப் படித்தேன். "கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்த பொருளை ஏற்க மறுத்த விதத்தால், அவர் வழக்கையே நாங்கள் மறுத்துவிட்டதாக எண்ணும்படி செய்துவிட்டோம். அவர் நீதிமன்றத்துக்கு வராததற்குக் காரணம் அவர் அல்ல, எங்கள் அலுவலகம், குறிப்பாக நான். தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவிலும் இதையே கூறுகிறேன்." ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, அண்ணா. அதற்குக் கீழே, "மேடம் என்ன சொல்வாங்கன்னு தெரியல" என்று இருந்தது.

"எனக்குந்தான் தெரியலன்னு போடு" என்றாள் அம்மா. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு என்றாள்.

கடைசியாக நீ கேட்டது: "மீட்டிங் முடிஞ்சதும் பஸ் ஏறிடறேன். இன்னிக்கே அஞ்சலையம்மாகிட்ட கையெழுத்து வாங்கணும். நான் கூப்பிட்டா ஆபீஸுக்கு வருவாங்களா?"

அம்மா இப்போது என்னை எழுதச் சொல்லவில்லை, போனைத் தானே வாங்கிக்கொண்டாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள். முடித்துவிட்டு என்னிடம் காட்டினாள். நான் திருத்தவில்லை.

"கூப்டாத. நீ போ. கைய வீசிகினு போவாத. பண்ருட்டில பஸ் நிக்கறப்ப இறங்கி எதுனா வாங்கிகினு போ. அவ வாங்கிகினாத்தான் கேசு."

என்ன வாங்க வேண்டும் என்று நீ கேட்பாயே என்றேன். "அது அவன் பாடு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நன்றாக விடிந்துவிட்டது. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.